அலுமாரிக் கதவில் இருபத்திரண்டு சொற்கள்

முழங்காலுக்குத் தைலம் பூசிவிட்டு, பற்செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு இதை வாசிக்கப்போகும் என் வயதுக்காரர்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது இனிப்பான பழங்கதை அல்ல. "அந்தக் காலத்தில் நாங்கள் எப்படி வளர்ந்தோம் தெரியுமா" என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் எண்ணமிருந்தால் வேறு யாரையாவது வாசியுங்கள். அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது. இந்தக் காலமும் அதே வேலையைத்தான் செய்கிறது என்று போன மாதம் தெரிந்தபோது புரட்டல் கூடிவிட்டது.

நானும் தங்கச்சியும் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், நான்காம் மாடியில் இருக்கிறோம். எனக்கு எழுபது, அவளுக்கு அறுபத்திரண்டு. நான் கணவரை இழந்தவள், அவள் கல்யாணமே செய்யாதவள். எதிர் ஃபிளாட்டில் ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள். இரண்டு பேரும் கம்பனி வேலை. இரண்டரை வயதில் ஒரு மகன். பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, தாய்க்காரி எங்கள் கதவைத் தட்டினாள்.

"அன்ரி, ஒரு மாசம் மட்டும் பகல்ல பார்த்துக்கொள்ளுவீங்களா? எங்கட வீட்டிலயே இருக்கலாம். ஏசி இருக்கு."

"ஓம் பிள்ளை, அதுக்கென்ன," என்றேன்.

"ஒண்டே ஒண்டு, அன்ரி. மகனோட இங்கிலிஷ் மட்டும்தான் கதைக்க வேணும். அவர் இன்னும் கதைக்கத் தொடங்கேல்லை. தமிழும் கலந்தா குழம்பிப் போயிடுவார். உங்களுக்குக் கஷ்டமெண்டா நான் வசனங்களை மெசேஜ்ல அனுப்பிவிடுறன்."

அனுப்பினாள். நோ பேபி. சிட் பேபி. ஈட் பேபி. கம் பேபி. டோன்ட் டச். குட் ஜொப். இப்படியே போனது. ஆங்கிலம் எனக்குக் கஷ்டமில்லை, முப்பது வருடம் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் அடித்தவள் நான். ஆனால் இதை ஆங்கிலம் என்று எந்த வாயால் சொல்வது? நாய்க்குட்டியைப் பழக்குகிறவன்கூட இதைவிட நாலு வார்த்தை கூடச் சொல்வான். இத்தனைக்கும் புருசனும் பெண்சாதியும் தங்களுக்குள் மணிக்கணக்கில் தமிழில் கதைப்பார்கள். மேலதிகாரியைத் திட்டுவார்கள், மச்சாளின் கல்யாணச் சாப்பாட்டைப் பழிப்பார்கள், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எல்லாம் பிள்ளையின் தலைக்கு மேலால். பிள்ளையின் பக்கம் திரும்பியதும் முகம் மாறும், வாயிலிருந்து "நோ பேபி" விழும். பிறகு டப்லெட்டைக் கையில் கொடுப்பார்கள். அவன் வாயைத் திறந்தபடி எச்சில் வடிய அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மெசேஜைத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் குறைவாகக் கதைப்பவள். கேட்டுவிட்டு, பாவாடைக் கரையைத் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தினை?"

"என்ன எத்தினை?"

"சொல்லு. எத்தினை சொல்லு?"

எண்ணிப் பார்த்தேன். "பதினெட்டு."

"எங்கட வீட்டில இருபத்திரண்டு," என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

அவள் அதைப் பற்றி வாய்திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கையிலிருந்த போனை மேசையில் வைத்துவிட்டேன். அந்த இருபத்திரண்டையும் உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். துறைமுகத்துக்கு இறங்கும் வீதிக்குப் பின்னால், ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட வரிசை வீடுகளில் ஒன்று. காற்று கடலிலிருந்து வந்தால் கப்பல் எண்ணெய் மணக்கும். தெருவிலிருந்து வந்தால் கருவாடும் மூட்டை வெங்காயமும் மணக்கும். கோயில் மணியும் கப்பல் ஊதுகிற சத்தமும் சேர்ந்து கேட்டால் மத்தியானம் பன்னிரண்டு என்று அம்மா சோற்றை இறக்குவாள்.

அம்மாவின் வாய் ஓயாது. மனிதரோடு மட்டுமில்லை, அடுப்போடும் கதைப்பாள். "என்ன, இண்டைக்கு எரியிற எண்ணமில்லையோ உனக்கு?" என்று அதைத் திட்டுவாள். மீன் வெட்டினால் மீனோடு கதைப்பாள். நான் முன்னால் குந்தியிருப்பேன். "இஞ்ச பார், இவர் பாரை. இவருக்கு முதுகில திமிர் கூட. இவ கும்பளா, தண்ணிக்குள்ள ஓடினபடி இருப்பா, அதான் சதை இறுகிக் கிடக்கு. இந்தச் செதில் எதுக்கு? மழை நனையாமல் இருக்கவோ? கடலுக்குள்ள மழை பெய்தா மீனுக்குத் தெரியுமோ? நீ சொல்லு பாப்பம்." நான் ஏதாவது சொல்லுவேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலு கேள்வி கேட்பாள். செதில் பறந்து என் கன்னத்தில் ஒட்டும். எனக்குத் தெரிந்த தமிழில் பாதி அந்த மீன் நாற்றத்தோடுதான் எனக்குள் போனது. வேறு பள்ளிக்கூடம் எனக்குத் தேவைப்படவில்லை.

அப்பா அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். வேலையில் நிலைக்க வேண்டுமென்றால் சிங்களச் சோதனை பாஸ் பண்ண வேண்டியிருந்த காலம். அப்பா இரண்டு தடவை எழுதினார், இரண்டு தடவையும் கோட்டைவிட்டார். இரண்டாம் தடவை முடிவு வந்த நாளில் அவர் சாப்பிடவில்லை. தங்கச்சி அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். அவர் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"நான் நாற்பது வயசில படிச்சு முறியிறன். இவளாவது தொட்டில்ல இருந்தே சிங்களத்தில வளரட்டும். இண்டையில இருந்து இந்த வீட்டில இவளோட ஒருத்தரும் தமிழ் கதைக்கக் கூடாது."

"எனக்குச் சிங்களம் தெரியாதே," என்றாள் அம்மா. "சந்தையில விலை கேக்க மட்டும்தானே தெரியும்."

"அது போதும். தெரிஞ்சதைக் கதை. தெரியாததை விடு."

பயந்த மனிதர் அவர், கெட்டவர் இல்லை. இதை எழுபது வயதில் சொல்ல முடிகிறது. ஆனால் அவர் அன்று செய்தது அசிங்கமான காரியம். பயம் அதை அழகாக்கிவிடாது.

மறுநாள் அப்பா ஒரு முழுநீளக் கடதாசியில், அம்மா வாசிக்கத் தமிழ் எழுத்தில், சிங்களச் சொற்களை எழுதினார். வாடிவென்ன என்றால் உட்கார். கன்ன என்றால் சாப்பிடு. நிதாகன்ன என்றால் தூங்கு. எபா என்றால் வேண்டாம். அண்டன்ன எபா என்றால் அழாதே. யமு என்றால் போவோம். ஹொந்தய் என்றால் நல்லது. மொத்தம் இருபத்திரண்டு. அப்பாவுக்கு முத்துப் போன்ற கையெழுத்து. கோதுமை மாப் பசை காய்ச்சி, சாப்பாட்டு அலுமாரியின் கம்பிவலைக் கதவுக்கு மேலே அதை ஒட்டினார். பசையை மோப்பம் பிடித்துக் கரப்பான்கள் வந்து கடதாசியின் ஓரத்தை இரவிரவாக அரித்தன. கந்தல் ஓரத்தோடு அந்தக் கடதாசி ஏறக்குறைய இரண்டு வருடம் அங்கே தொங்கியது.

இப்போது யோசித்துப் பாருங்கள், அந்த இருபத்திரண்டு சொல்லில் ஒரு கேள்வி இல்லை. ஒரு மீன் இல்லை, மழை இல்லை, அடுப்பு இல்லை. எல்லாம் இதைச் செய், அதைச் செய்யாதே. அம்மா அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? மீன் வெட்டும்போது தங்கச்சி தவழ்ந்து வருவாள். அம்மா வாயைத் திறப்பாள், அலுமாரியைப் பார்ப்பாள், மூடுவாள். "வாடிவென்ன" என்பாள். பிள்ளை உட்காரும். அதோடு கதை முடிந்தது. பிள்ளை அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு செதிலை எடுத்து நக்கும்.

அப்பாவுக்குத் தெரிந்த சிங்களம் சோதனைப் புத்தகச் சிங்களம். மாலையில் கந்தோரால் வந்து, கால் கழுவி, பிள்ளைக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்காருவார். புத்தகத்தைத் திறந்து, "கரு மஹத்மயாணெனி" என்று தொடங்குவார். மதிப்புக்குரிய ஐயா என்று அர்த்தம். விடுமுறை கேட்டு எழுதும் மாதிரி விண்ணப்பத்தை அந்தப் பிள்ளைக்கு முழுவதும் வாசித்துக் காட்டுவார். அவள் அவருடைய செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருப்பாள். நான் சுவரோரம் நின்று சிரிப்பை அடக்குவேன். இன்றைக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

அந்தத் தெருவில் அவளோடு ஒழுங்காகக் கதைத்த ஒரே ஆள் இடியப்ப நோனா. எதிர் வரிசையில் இருந்த சிங்களப் பெண். விடிய இடியப்பம் அவித்து, பெட்டியில் துணி போட்டு மூடி, வீடு வீடாகக் கொண்டுவருவாள். எங்கள் வாசலில் பெட்டியை இறக்கியதும் பிள்ளையை வாரி எடுப்பாள். "அனே, மகே ரத்தரன்! அத மொனவத கேவே?" என் தங்கமே, இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாள். பதிலுக்குக் காத்திருப்பாள். பிள்ளை "ஆ" என்றால், "அப்படியா, இரண்டு இடியப்பமா, உனக்கு வயிறு வலிக்கவில்லையா" என்று அதே வேகத்தில் சிங்களத்தில் அடுத்ததுக்குப் போவாள். பூனையைக் காட்டுவாள், காகத்தைத் திட்டுவாள், தன் புருசன் குறட்டை விடுவதைச் செய்து காட்டுவாள். தங்கச்சி அவளுடைய மூக்குத்துவாரத்தில் விரலை விட்டபடி ஆவென்றும் ஊவென்றும் நீளமாகப் பதில் சொல்லுவாள். அந்தப் பத்து நிமிடம்தான் எங்கள் வீட்டில் அவளுடைய சத்தம் கேட்கும்.

அப்பா விரும்பியதே சிங்களம்தானே, சந்தோசப்பட்டிருப்பார் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. ஒருநாள் லீவில் வீட்டிலிருந்து அதைக் கேட்டுவிட்டார். நோனா போனதும் முகத்தைச் சுளித்தார்.

"இது என்ன சிங்களம்? தெருச் சிங்களம். மீன்காரர் கதைக்கிறது. இதைப் பழகினா ஒரு கந்தோருக்குள்ளயும் விடமாட்டாங்கள். நாளையில இருந்து இடியப்பம் கடையில வாங்கு."

"அவ நல்லாத்தானே கதைக்கிறா..."

"நல்லது கெட்டது உனக்குத் தெரியுமோ?"

மறுநாள் நோனா கூப்பிட்டபோது அம்மா கதவைத் திறக்கவில்லை. தங்கச்சி கதவடியில் உட்கார்ந்து பலகையைத் தட்டினாள். நோனா வெளியே நின்று இரண்டு தடவை "பபா?" என்று பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்குப் பழைய இடியப்பத்தின் புளித்த வாசம் இன்னும் பிடிக்காது. கடை இடியப்பம் அப்படித்தான் மணத்தது.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தப்பிக்கலாம்தான். ஆனால் அப்பாவையும் எதிர் ஃபிளாட் தாய்க்காரியையும் இவ்வளவு திட்டிவிட்டு நான் மட்டும் வெள்ளைச் சேலையோடு ஒதுங்கி நிற்பது இன்னும் அருவருப்பாக இருக்கும்.

பகலில் அப்பா வீட்டில் இல்லாதபோது சட்டம் நடக்கிறதா என்று பார்க்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்தான். யாராவது தமிழ் கதைத்தால் நான் சொல்ல வேண்டும், சொன்னால் ஒரு தோடம்பழ இனிப்பு. சீனி ஒட்டிய, ஆரஞ்சுச் சுளைபோல் வளைந்த இனிப்பு. அப்பா அதைச் சட்டைப் பையில் கொண்டுவருவார், அவருடைய வியர்வையில் கொஞ்சம் இளகியிருக்கும். பக்கத்து வீட்டு மாமி "குட்டிக்குப் பசிக்குதோ?" என்று கேட்டதைச் சொல்லி ஒன்று வாங்கினேன். பால்காரர் சிரித்துவிட்டு ஏதோ சொன்னதைச் சொல்லி இன்னொன்று. எனக்கு அதில் ஒரு கெட்டித்தனம் தெரிந்தது. பத்து வயது.

அந்த வருடம் மழைக்காலம் நீண்டது. பள்ளிக்கூடம் வெள்ளத்தால் மூடிக்கிடந்த ஒரு பின்னேரம், நான் பாயில் படுத்திருந்தேன். அம்மா தங்கச்சியைக் குளிக்க வார்க்கப் போனாள். எங்கள் குளியலறை பின்முற்றத்தில், தகரக் கதவோடு, சீமெந்துத் தொட்டியோடு இருந்தது. நெடுநேரமாகத் தண்ணீர்க் குழாய் திறந்தபடியே கிடந்தது. அது கூடாதே என்று எழுந்து போனேன். கதவுக்கு வெளியே நின்றபோது, விழும் தண்ணீருக்குள்ளால் அம்மாவின் குரல் கேட்டது.

"இது ஆற்ர கால்? உன்ர காலோ, என்ர காலோ? இந்தக் காலாலதானே காலமை கருவாட்டுப் பெட்டியைத் தட்டி விழுத்தினனீ? விழுந்த கருவாடு என்ன சொன்னது தெரியுமோ? ஐயோ, உப்பில கிடந்து செத்தும் எனக்கு நிம்மதி இல்லையேயெண்டு அழுதது. ஓமோ? நீயும் பார்த்தனீயோ? பிறகு? பிறகென்ன நடந்தது, சொல்லு பாப்பம்."

தங்கச்சி சிரித்தாள். சிரித்துவிட்டு ஏதோ சொன்னாள். சொல் இல்லை, ஆனால் சத்தம் மேலே போய்க் கீழே வந்தது, கேள்விபோல் முடிந்தது. அம்மா, "அப்பிடியோ!" என்றாள். நான் அந்தத் தகரத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அது என்னோடு கதைத்த குரல். மீனோடு கதைத்த குரல். தங்கச்சி எப்போதும் பக்கத்தில் இருந்ததால் ஒரு வருடத்துக்கு மேலாக நான் அதைக் கேட்டிருக்கவில்லை. எனக்குப் பொறாமை வந்தது என்று சொன்னால் அது கொஞ்சம் மரியாதையான பொய். பொறாமையும் வந்தது, இனிப்பின் நினைவும் வந்தது.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன்.

அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. எனக்கு இரண்டு இனிப்புத் தந்தார். மறுநாளிலிருந்து கந்தோருக்குப் போகுமுன் பிள்ளையைத் தானே குளிப்பாட்டினார். சவர்க்காரத்தைப் போட்டு, "எபா, எபா" என்று கையைத் தட்டிவிட்டு, ஐந்து நிமிடத்தில் துடைத்துக்கொண்டு வருவார். அம்மா அடுப்படியில் நின்று அதைப் பார்ப்பாள். என்னை அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. அன்று மீன் வெட்ட உட்கார்ந்தபோது நான் வழக்கம்போல் முன்னால் போய்க் குந்தினேன். அம்மா வழக்கமான ஒன்றிரண்டு சொல்லும் இல்லாமல் வெட்டினாள். செதிலெல்லாம் சுரண்டி, குடலெடுத்து, கழுவி, எழுந்து போய்விட்டாள். வீட்டில் இரண்டு பிள்ளைகளோடும் இப்போது யாரும் கதைக்கவில்லை.

தங்கச்சிக்கு மூன்று வயது நெருங்கியது. ஒரு சொல் இல்லை. வேண்டியதைக் கையால் காட்டுவாள், கிடைக்காவிட்டால் கடிப்பாள். என் கையில் அவளுடைய பல் அடையாளம் ஒன்று இன்னும் இருக்கிறது. சொந்தக்காரர் வந்து நாடியில் கைவைத்து "ஐயோ பாவம்" என்றார்கள். ஊமை என்ற சொல்லை அடுத்த அறையில் போய்ச் சொன்னார்கள், ஆனால் கேட்கிற மாதிரிச் சொன்னார்கள். வசம்பைச் சுட்டுத் தேனில் உரைத்து நாக்கில் தடவினார்கள். மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார்கள். அவளோடு கொஞ்சம் கதைத்துப் பார்ப்போம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பெரியவர்களின் மூளையை நினைத்தால் எனக்குச் சீ என்று வருகிறது.

கடைசியில் ஒரு கிழவரைக் கூட்டிவந்தார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தெருவில் எல்லோரும் அப்போதிக்கரி ஐயா என்பார்கள். சுருட்டு வாசம், மஞ்சள் நகம். தங்கச்சியின் வாயை விரலால் பிளந்து, அந்த விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, "நாக்குக் கட்டு," என்றார். "அடியில ஒரு நரம்பு இழுத்துப் பிடிக்குது. ஒரு சின்ன வெட்டு. நாளைக்கே கதைப்பாள்." அப்பாவின் முகத்தில் வந்த நிம்மதியை இப்போதும் பார்க்கிறேன். குற்றம் நாக்கில்தான், வீட்டில் இல்லை.

அப்பா தலையைப் பிடித்தார். காலைப் பிடிக்கச் சொல்லி என்னை அழைத்தார், பிடித்தேன். அப்போதிக்கரி ஒரு சின்னக் கத்தரிக்கோலைச் சாராயத்தில் தோய்த்து எடுத்தார். தங்கச்சி அதைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து, தெளிவாக, நாங்கள் எல்லோரும் கேட்கச் சொன்னாள்.

"எபா."

காலை என் கையிலிருந்து இழுத்தாள்.

"எபா. எபா. எபா."

அவளுடைய முதல் சொல். இந்த வீடு அவளுக்கு நாளுக்கு நூறு தடவை கொடுத்த சொல். வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று கெஞ்சினாள். அப்பா துள்ளிவிட்டார்.

"கதைச்சிட்டாள்! கேட்டீங்களோ? சிங்களத்தில கதைச்சிட்டாள்!"

"பார்த்தீங்களோ, ஆயுதத்தைக் கண்டதுமே நாக்கு அசையுது," என்றார் அப்போதிக்கரி. "இனி விடக்கூடாது," என்று சொல்லிக்கொண்டே வெட்டினார்.

என் கைக்குள் அவளுடைய கால்கள் உதறிய உதறல். வாயிலிருந்து மார்புச் சட்டைக்கு வடிந்த இரத்தம். அதற்கு மேல் அப்பாவின் சிரிப்பு. மூன்றையும் நான் ஒன்றாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேன், பிரிக்க முடியவில்லை. வாந்தி எடுத்தேன். அன்று தின்ற இனிப்பும் அதோடு வந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். அலுமாரிக் கதவிலிருந்த கடதாசியைப் பிய்த்தாள். பசை இறுகியிருந்ததால் அது துண்டு துண்டாகத்தான் வந்தது, நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். அதை அப்பாவின் மடியில் போட்டாள்.

"நாக்கில என்ன கிடக்கு? கதைக்க ஒருத்தரும் இல்லாத பிள்ளை எப்பிடிக் கதைக்கும்? வெட்டுறதெண்டா எங்கட நாக்கை வெட்டுங்கோ! முதல்ல என்ரயை வெட்டுங்கோ, அதைத்தானே நான் சும்மா வச்சிருந்தனான்!"

அம்மா பிள்ளையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து, இடியப்ப நோனாவின் வீட்டுக்குள் போனாள். அன்று முழுக்க அங்கேதான் இருந்தாள். ஒருத்தி தமிழிலும் ஒருத்தி சிங்களத்திலும் அந்தப் பிள்ளையோடு கதைத்தார்கள், வாய்ப் புண்ணுக்கு வெறும் பாலைப் பருக்கிக்கொண்டு. அதன் பிறகு எங்கள் வீட்டில் அம்மாவின் வாய் மூடியதில்லை. தொண்டை கட்டினால் சுடுதண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்வாள். குளியலறைக்கு இரண்டு பேரும் போனால் ஒரு மணித்தியாலம் ஆகும். நான்கு வயதில் தங்கச்சி "கருவாடு அழுதது" என்றாள். அது அவளுடைய முதல் வசனம்.

முழுதாகச் சரியாகிவிட்டதென்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் அவள் எப்போதும் பின்வரிசைதான். இன்றைக்கும் அவசரமாக ஏதாவது கேட்டால் அவளுக்குச் சொல் வர நேரமெடுக்கும். அதற்குள் கேட்டவர் வேறு ஆளிடம் திரும்பிவிடுவார். கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்களும் அப்படித்தான் திரும்பினார்கள். இதற்கெல்லாம் அந்த இருபத்திரண்டு சொல்தான் காரணமோ என்று ஒரு டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் டாக்டர் இல்லை, காலைப் பிடித்தவள்.

அப்பா மூன்றாம் தடவை சோதனை பாஸ் பண்ணினார். வயதாகிப் படுக்கையில் விழுந்தபோது அவருக்குக் கஞ்சி ஊட்டியது தங்கச்சிதான். அவளோடு ஏதாவது கதைக்க அவர் ஆசைப்பட்டார். "பிள்ளை, என்னோட ஏதும் கதையன்," என்று கேட்டார். அவள் கரண்டியை நீட்டி, "கன்ன," என்றாள். சாப்பிட்டு முடிந்ததும் போர்வையை இழுத்துவிட்டு, "நிதாகன்ன," என்றாள். கோபத்தில் சொன்னாளா, அவரோடு பேச அவளிடம் வேறு சொல் இல்லையா என்று நான் கேட்கவில்லை. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார்.

சரி, வெள்ளவத்தைக்கு வருகிறேன். எதிர் ஃபிளாட்டின் ஹோலில், மேல் மூலையில், முட்டைபோல் ஒரு கமரா வைத்திருக்கிறார்கள். தாய்க்காரி கந்தோரிலிருந்து போனில் பிள்ளையைப் பார்ப்பாள். சத்தமும் கேட்குமாம். நான் அதற்குக் கீழே உட்கார்ந்து, "சிட் பேபி" என்று சொல்லி என் வாயை நானே சபித்துக்கொண்டிருந்தேன். கூட வந்த தங்கச்சி முதல் நாள் பக்கத்தில் இருந்து தைத்தாள். இரண்டாம் நாள் கமராவை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள். டப்லெட்டைப் பிள்ளையின் கையிலிருந்து மெல்ல எடுத்துக் கதிரையில் வைத்தாள். அவனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

நான் எழுந்து போய்க் கதவில் காதை வைத்தேன். எழுபது வயதில், அதே வேலை.

"இது... ஆற்ர கால்?" என்று கேட்டாள். சொல் தேடித் தேடித்தான் வந்தது. பரவாயில்லை, அவனுக்கு அவசரமில்லை. "இந்தக் காலுக்கு... செருப்பு பிடிக்காதாம். ஏன் பிடிக்காது? சொல்லு பாப்பம்." பிறகு காத்திருந்தாள். நீண்ட நேரம் காத்திருந்தாள். அவன் "ஆ" என்றான். "அப்பிடியோ!" என்றாள் தங்கச்சி.

ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம், சில நாளில் இரண்டு. மூன்றாம் கிழமை முடியும்போது அவன் தண்ணீரைக் காட்டித் "தண்ணி" என்றான். நான் வெளியே நின்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை தாய்க்காரி எங்கள் கதவைத் தட்டினாள். கையில் ஒரு பெட்டி சொக்லேட்.

"அன்ரி, உங்களிட்ட ஒண்டு கேக்க வேணும். கமராவில பார்த்தன், சின்ன அன்ரி இவரை நெடுநேரம் பாத்ரூமுக்குள்ள வச்சிருக்கிறா. உள்ள தமிழ் கதைக்கிறாவோ? உண்மையைச் சொல்லுங்கோ. இது உங்களுக்குத்தான் கொண்டுவந்தனான்."

பெட்டி என் மூக்குக்கு முன்னால் நீண்டது. எனக்கு வியர்வையில் இளகிய சீனி மணத்தது.

"தமிழோ? ஒரு சொல்லும் இல்லை, பிள்ளை," என்றேன். "அவளுக்குக் கதைக்கவே வராதே, உமக்குத் தெரியும்தானே. பிள்ளை தண்ணியில விளையாடுறார், இவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானும் கதவடியில நிண்டுதான் பாக்கிறனான்."

அவள் முகம் தெளிந்தது. "தாங்ஸ் அன்ரி," என்று பெட்டியைத் தந்துவிட்டுப் போனாள். சரி, அவளுக்கும் ஒருநாள் நேரே சொல்லத்தான் வேண்டும். அவன் இன்னும் நாலு சொல் சேர்த்துக்கொள்ளட்டும், பிறகு சொல்லுவேன்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். தங்கச்சி தையலை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் பெட்டியை வைத்தேன். அறுபது வருடமாகத் தொண்டையில் கிடந்ததை அப்போதுதான் கக்கினேன்.

"அம்மா உன்னோட குளியலறையில கதைக்கிறாவெண்டு அப்பாட்ட போய்ச் சொன்னது நான்தான். ரெண்டு இனிப்புக்கு."

அவளுக்குச் சொல் வர நேரமெடுத்தது. நான் வேறு பக்கம் திரும்பவில்லை.

"தெரியும்," என்றாள். "அம்மா சொன்னவ. குளிக்க வார்க்கேக்க."

பிறகு பெட்டியைத் திறந்தாள். ஒரு சொக்லேட்டை எடுத்துக் கடதாசியை உரித்தாள். அப்பாவுக்குக் கரண்டியை நீட்டியபோது இருந்த அதே முகத்தோடு, அதை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"கன்ன," என்றாள்.

தின்றேன்.